கேட்டால் அழிந்துவிடும்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பழைய பவர் சப்ளையைச் சோதித்தது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசை மேல். அது அப்பாவின் பழைய நண்பர் ரோஸ்லி அங்கிளின் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தது. எப்போதாவது தானாக அணைந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வருகிறதாம். அப்பா அதைத் தடித்த கேபிளால் என் மடிக்கணினியில் இணைத்து, ஓடவிட்டார். பொட்டலத்தைப் பிரித்து மீ ஹூன் நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

இந்தக் கருவிகள் தம் நிலையை இரண்டு பதிவகங்களில் வைத்திருக்கும். ஒன்று, இந்த நொடி எப்படி இருக்கிறது என்று சொல்லும். மற்றது, கடைசியாகக் கேட்ட பிறகு ஏதாவது நடந்ததா என்று சொல்லும். நடந்தது ஒரு கணமே ஆனாலும் பிடித்து வைத்திருக்கும். ஆனால் ஒருமுறை படித்தால் அழிந்துவிடும்.

சாப்பிட்டபடியே இரண்டாவதைக் கேட்டேன்.

"என்ன வந்துச்சு?" என்றார் அப்பா.

"பதினாறு."

"பதினாறுன்னா சூடு. விசிறிதான் நின்னிருக்கும். எங்க, என் கண்ணால பாக்குறேன், இன்னொரு தடவ கேளு."

கேட்டேன். பூஜ்யம்.

"போச்சு. இனிமே நீ ஒருத்திதான் சாட்சி. ரோஸ்லி உன்ன நம்புவானா?"

"நீங்க நம்புறீங்கல்ல, பா?"

"நான் மெஷினத்தான் நம்புவேன், ஆ ஹூன். உன் வாயில மீ ஹூன் இருக்கு."

விசிறியில் பஞ்சுபோலத் தூசி. துடைத்து எண்ணெய் விட்டார்.

அப்பா பெயர் காவ் பூன் சியாங். பாலிக் புலாவ் கிராமத்தில் ஜாதிக்காய் உலர்த்தும் வீட்டில் பிறந்தவர். பள்ளி முடிந்ததும் பாயான் லெப்பாஸில், அளவீட்டுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். முதலில் பற்றவைப்பு, பிறகு ஓய்வு பெறும்வரை சோதனைத் தளம். அம்மாவைப் பார்த்தது அங்கிருந்த கேன்டீனில்தான். அதே தளத்தில் வேலை பார்த்த ரோஸ்லி அங்கிள் சொல்வார்: "உங்கப்பன விட அவன் சோதிக்கிற மீட்டர் அதிகம் பேசும்."

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பழைய பிழைகளை ஒரே கட்டளையில் துடைத்துவிடுவது தளத்தின் வழக்கம். நேற்றைய கோளாறு இன்றைய கருவியின் தலையில் விழக் கூடாது. அப்பா வீட்டிலும் அப்படித்தான். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலை எழுந்து, "காபி இருக்கா?" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் முன்பு காய்கறிச் சந்தையில் விழுந்தார். வழுக்கிவிட்டது என்றார். ஒரு வாரம் முன்பு வீட்டு கேட் அருகில் மறுபடி விழுந்தபோது நான் பார்த்தேன். வழுக்கவில்லை. நின்றபடியே சரிந்தார். கண் திறந்ததும், "ஒண்ணுமில்ல, பூட்ட எடு" என்றார்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, மருத்துவரிடம் இழுத்துப் போனேன். தலை சுற்றுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பா இல்லை என்றார். ஈசிஜியும் சுத்தமாக வந்தது. வெளியே வந்ததும் கத்தினேன்.

"விழுந்தத ஏன் சொல்லல?"

"இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாரு. இப்ப நல்லாத்தான் இருக்கேன். அது முடிஞ்சுபோன விஷயம்."

நானே திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். மருத்துவரின் முகம் மாறியது. இதயம் இடையில் நின்று நின்று ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க மார்பில் ஒட்டியிருக்கும் பதிவுக் கருவி ஒன்றைத் திங்கட்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

அப்பாவுக்கு அது பிடித்துப் போனது. "அதான் சரி. நடக்கும்போதே பிடிச்சு வச்சுக்கும்."

திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது, பவர் சப்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரி, பா."

"போற வழிதானே. ரோஸ்லிகிட்ட போட்டுட்டு நேரா அங்கதான்."

ரோஸ்லி அங்கிளின் கடையில் அப்பா பவர் சப்ளையை மாட்டி ஓடவிட்டிருக்கிறார். அங்கிள் தே தாரிக் டீ வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது அப்பா தரையில் கிடந்தார். கருவி ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறையும் அணையவில்லை.

"எவ்வளவு நேரமா கிடந்தான்னே தெரியலம்மா," என்றார் அங்கிள். "கூப்பிட்டானான்னும் தெரியல."

இதயமாக இருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இருக்கலாம். அந்த நேரத்தின் பதிவு யாரிடமும் இல்லை.

அப்பாவைப் புதைத்துவிட்டுப் பத்துமாவுங் மயானத்திலிருந்து திரும்பும் வழியில் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளம் பெண் குரல்.

"மிஸ், அங்கிள் திங்கக்கிழம வரவேயில்லையே? மெஷின் அவருக்காக எடுத்து வச்சோம். வேற பேஷன்ட் காத்திருக்காங்க. அங்கிள் வருவாரா, இல்ல அவங்களுக்குக் குடுத்துடவா?"

"குடுத்துடுங்க," என்றேன்.