லாத்தாவின் சின்ன கேமரா

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு நாட்டு மருந்துக் கடை. சுக்கும் திப்பிலியும் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசின் தட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, லாத்தா அதில் முதலில் தன்னுடைய பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை வைத்தார். லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி எல்லாம் மாட்டியபடியே வைத்தார். எண்கள் இரண்டு கிலோவைத் தாண்டி நின்றன. அதை இறக்கிவிட்டு, பக்கத்துக் கேமராக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த காம்பாக்ட் கேமராவை வைத்தார். முந்நூறு சொச்சம் கிராம். பெட்டியிலேயே எடை போட்டிருக்கிறது என்று கேமராக் கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "காயிதத்துல எழுதினது என் கழுத்துக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டே மருந்துக் கடைக்கு வந்துவிட்டார் லாத்தா. புது கேமராவை யாராவது கீழே போட்டுவிடப் போகிறார்களே என்று அந்த மனிதர் இரண்டு கைகளையும் தட்டுக்குக் கீழே நீட்டியபடி நின்றார். அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. சிரித்த வாய் மூடுவதற்குள் மற்றதெல்லாம் வந்துவிடுகிறது.

லாத்தா என்றால் கடலோர முஸ்லிம் வீடுகளில் அக்கா. எனக்கு அவர் உறவில்லை. நான் பூதலூரில் குத்தகைக்கு நெல் போடுகிற வீட்டு மருமகள். அவர் கடற்கரை ஊரில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்டவர், கணவர் சவூதியில். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படமெடுக்க ஆண்களை விடமாட்டார்கள் என்பதால், பேராவூரணியிலிருந்து வேதாரண்யம் வரை லாத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். நான் அவருக்கு லைட் பிடித்தேன், பையைத் தூக்கினேன். எங்களுக்குள் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் அவர் என்னை "நீ" என்பார், நான் அவரை "நீங்க" என்பேன். பஸ்ஸில் ஒரே பாக்கெட் கடலையைத் தின்றுகொண்டு போவோம்.

அவருக்கு இருந்த சொத்து அவருடைய பெயர்தான். கல்யாணம் முடிந்ததும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி, கவரில் போட்டு, பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பத்து நாள் கழித்துப் பெண் வீட்டுக்கே போய், அவர்கள் கண்ணெதிரில், நெட் இல்லாத ஒரு பழைய லேப்டாப்பில் படங்களைப் பொறுக்குவோம். ஆல்பம் அச்சாகும்வரை லேபில் மெஷின் பக்கத்திலேயே நிற்பார். அச்சானதும் அங்கேயே அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். போன்கூட பட்டன் போன்தான் வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. எங்கள் வீடுகளில் கல்யாணப் படத்தைப் பத்துப் பேர் பார்க்கவில்லை என்றால்தான் வருத்தம். முகத்தைக் காட்டுவதும் காட்டாததும் அந்த முகத்துக்கு உரியவளின் இஷ்டம் என்பது எனக்கு அப்போது புத்தியில் ஏறவில்லை.

பதினைந்து வருடம் அந்த இரண்டு கிலோவைக் கழுத்தில் மாட்டியதில் லாத்தாவின் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. வலது கையின் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. ஒரு நாள் என் எதிரிலேயே டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அது விழுந்ததே அவருக்குச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. இனிமேல் அந்தக் கேமராவைத் தூக்கினால் கையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிலை விடு என்றார்கள் பிள்ளைகள். விட மனமில்லாமல்தான் அவர் தராசைத் தேடிப் போனார். சின்ன கேமராவிலும் இப்போது படம் நன்றாக வருகிறது, இருட்டிலும் எடுக்கிறது, சத்தமே இல்லை என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் தேதி, நேரம் சரிசெய்ய ஒரு போன் வேண்டும் என்றார். லாத்தாவின் பட்டன் போனைப் பார்த்துவிட்டு என்னிடம் கை நீட்டினார். நான் கொடுத்தேன். அவர் அதில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டு, இரண்டையும் இணைத்து, இனிமேல் எல்லாம் தானாக நடக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

எல்லாம் தானாகத்தான் நடந்தது. புது கேமராவில் எடுத்த இரண்டாவது கல்யாணம் முடிந்து பூதலூருக்கு ரயிலில் திரும்பும்போது என் போனைத் திறந்தால், அன்றைக்கு லாத்தா எடுத்த படங்கள் முழுவதும் சின்னச் சின்ன அளவில் அதற்குள் இருந்தன. கார்டை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தாயிற்று என்று அவர் நிம்மதியாக வீடு போயிருப்பார். எனக்கு முதலில் பகீரென்றது. நாளைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க நன்றாக இருந்தது. மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று சொல்லவில்லை.

சின்ன கேமரா வந்த பிறகு லாத்தாவுக்கு ஒரு புதுப் பழக்கமும் வந்தது. பெரிய கேமராவாக இருந்தவரை, அதைக் கண் அருகே தூக்கினாலே கூடம் முழுக்கத் தெரியும். கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வரிசையாக முக்காடு ஏறும். வேண்டாம் என்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கேமராவை யார் கவனிக்கிறார்கள்? அதனால் லாத்தா ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்தார். "எடுக்கிறேன்மா" என்று சொல்லி, இரண்டு நொடி பொறுத்து, பிறகுதான் அழுத்துவார். அந்த இரண்டு நொடியில் முகத்தில் இருந்த நல்ல சிரிப்பெல்லாம் ஓடிப்போய்விடும். கையில் இப்படி ஒரு கேமராவை வைத்துக்கொண்டு இந்த அம்மா தண்டோரா போடுகிறாரே என்று எனக்குள் ஒரு சலிப்பு.

பேராவூரணிக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊரில் மூன்றாவது கல்யாணம். லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் போகும்போது லாத்தா கேமராவை என் கையில் கொடுத்து, வைத்துக்கொள் என்றார். எடு என்று சொல்லவில்லை. மணப்பெண்ணின் சிநேகிதி ஒருத்தி அவள் வாயில் முழு லட்டைத் திணித்தாள். பெண் தலைத்துணி நழுவி, கன்னம் உப்பி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அழுத்தினேன். அதைவிட நல்ல படத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எடுத்ததில்லை. என்னை எப்போது பார்த்தாலும் "லைட் புடிக்கிற அக்கா" என்று கிண்டல் செய்கிற ஆல்பம் டிசைனர் ஒருவன் தஞ்சாவூரில் இருந்தான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் லாத்தா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, என் போனுக்கு வந்திருந்த அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பி, இது நான் எடுத்தது என்று எழுதினேன். வேறு ஒரு காரணமும் இல்லை. லைட் பிடிக்கிறவளுக்கும் எடுக்கத் தெரியும் என்று அந்த ஒருத்தனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவன் பாராட்டினான். பாராட்டியதோடு நிற்காமல், போட்டோகிராபர்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டான். அங்கிருந்து அது எப்படியெல்லாமோ சுற்றி, நான்காம் நாள் துபாயில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன் போனில் போய் நின்றது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையாம். சொன்னதெல்லாம் சுற்றியிருந்தவர்கள்தான். கல்யாணப் பெண்ணை ஊர் ஆண்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள், பெண் வீட்டில் யாரை உள்ளே விட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நாள் தள்ளிப்போயிற்று. பெண் வீட்டிலிருந்து லாத்தாவுக்குப் போன் வந்தது. இருவரும் போனோம்.

உம்மா எங்களைத் திட்டவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார். பெண் அறைக்குள்ளிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்; முகம் வீங்கியிருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லாத்தா, அப்ப யாரும் எடுக்கிறேன்மான்னு சொல்லலையே. சொல்லியிருந்தா நான் முக்காட்டை இழுத்திருப்பேன்ல?"

லாத்தா என்னைப் பார்த்தார். தான் தொழுகையில் இருந்த பத்து நிமிஷம் அவருக்கு அந்த நொடியிலேயே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நான் முந்திக்கொண்டேன்.

"அந்தக் கேமராவே தானா அனுப்பிடுதும்மா. புது மாடல். எங்களுக்கே தெரியாதுங்க."

முழுப் பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். பாதி உண்மை இருந்ததால் அது நின்றுவிட்டது. கேமரா தானாக என் போனுக்கு அனுப்பியது என்பது நிஜம். என் போனிலிருந்து அனுப்பியது என் விரல். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை. லாத்தா என்னிடமிருந்து கண்ணை எடுத்து உம்மாவிடம் திரும்பினார்.

"அந்தக் கேமராவை வாங்கினது நான்தான். எனக்குக் கழுத்து வலி, அதான் வாங்கினேன். தப்பு என்மேலதான்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பட்டுக்கோட்டையில் பஸ் நின்றபோது கடலை வாங்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கேட்டதற்காக என்னையே எனக்கு அறையத் தோன்றியது.

அதன்பிறகு அவர் ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்த வீடுகளுக்குத் தானே போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். யாரும் வற்புறுத்தவில்லை. ஊருக்குள் கதை வேறு மாதிரி வளர்ந்திருந்தது. அந்தம்மா வேண்டுமென்றேதான் சின்ன கேமரா வாங்கினாள், எடுப்பது தெரியக் கூடாது என்றுதான் வாங்கினாள் என்றார்கள். கை மரத்துப்போய் டம்ளரை நழுவவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி இப்படிச் சொன்னார்கள். அதை என்னிடமே வந்து சொன்னார்கள். நானும் உச்சுக் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் நான் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். பெரியதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த வீடுகள் ஒவ்வொன்றாக என்னைக் கூப்பிட ஆரம்பித்தன. பூதலூர்ப் பொண்ணு பெரிய கேமராதான் கொண்டுவருது, பயமில்லை என்று ஒரு வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. லாத்தா கட்டிய பெயரின் மேல்தான் இன்று என் வீட்டில் உலை கொதிக்கிறது. நானும் கார்டைக் கழற்றிக் கவரில் போட்டுக் கொடுக்கிறேன். யோக்கியத்தை நான் கற்றுக்கொண்ட விலை இன்னொருத்தியுடைய பிழைப்பு.

போன தை மாதம், அறுவடை முடிந்து மண்டபங்கள் நிறைந்த சமயம், ஒரு கல்யாணத்தில் லாத்தாவைப் பார்த்தேன். விருந்தாளியாக வந்திருந்தார். கழுத்தில் பட்டை போட்டிருந்தார். இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாராம். பூதலூரில் இந்தத் தடவை விளைச்சல் எப்படி என்று கேட்டார். என் பையன் படிப்பைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அது எனக்குத் தாங்கவில்லை. கேமராவைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "லாத்தா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்லாதே. நீ வாய்விட்டுக் கேட்டுட்டா நான் மன்னிச்சாகணும். எனக்கு இன்னும் மனசு வரல."

பெண் வந்தாயிற்று என்று உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார். நான் எழுந்து வேலையைப் பார்க்கப் போனேன். அன்று நல்ல படங்கள் கிடைத்தன என்றுதான் பெண் வீட்டார் சொன்னார்கள். லாத்தா எப்போது கிளம்பினார் என்று தெரியவில்லை. அவரிடம் சொல்லக் கூடாது என்றாகிவிட்டதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு என்னை மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.