தறிக்காரர் டீமுக்கு நான் மேனேஜர்

பதினோரு பேர் ஓடுகிற ஆட்டத்தில் ஓடாமலே மூச்சு வாங்குகிற ஒரே ஆள் கால்பந்து மேனேஜர்தான். பிரேசில் நாட்டில் ஒரு மேனேஜரை ஒரு கிளப் நீக்கினால் அடுத்த கிளப் எடுத்துக்கொள்ளுமாம், அதுவும் நீக்கினால் இன்னொன்று எடுத்துக்கொள்ளுமாம். பேப்பரில் படித்தேன். அந்த மனுஷர் வேலை இழப்பதற்கு ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தச் சிரமம் இல்லை. மூன்று தடவையும் சங்கரன்கோவிலிலேயே, ஒரே டீமிலேயே முடித்துக்கொண்டேன்.

கோயில் கமிட்டி, கல்யாணப் பந்தி, பள்ளி ஆண்டுவிழா என்று ஏதாவது ஒன்றுக்குப் பொறுப்பேற்று, நல்லது நடந்தால் அடுத்தவருக்கும் கெட்டது நடந்தால் தனக்கும் என்று பேர் வாங்கிய அன்பர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேனா பிடித்த கை

எழுபதுகளின் கடைசியில் நான் தாலுகா ஆபீசில் கிளார்க். வாசலிலிருந்து எண்ணினாலும் ஜன்னலிலிருந்து எண்ணினாலும் என் நாற்காலி கடைசியில்தான் வரும். எங்கள் தெருமுனையில் ஒரு விசைத்தறி ஷெட். அதன் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவருடைய தறிகளில் வேலை பார்த்தவர்கள் சாயங்காலமானால் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் கிடந்த புறம்போக்குப் பொட்டலில் பந்து விளையாடுவார்கள். அந்த இடத்தில் விளையாட அனுமதி கேட்டு மனு எழுத ஆள் தேவைப்பட்டது. எழுதிக் கொடுத்தேன். அனுமதியும் கிடைத்தது. மறுநாள் டீமின் கேப்டன் கோமதிநாயகம் வந்து, "சார், நீங்கதான் எங்களுக்கு மேனேஜர்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆபீசில் நான் எல்லாரையும் சார் என்று கூப்பிடுகிறவன். என்னை ஒருத்தர் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அந்த ஒரு சொல்லுக்காக என்ன அவமானமும் படலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன், பட்டும் விட்டேன். ஆனாலும் நேர்மையாக இருக்கவேண்டுமே என்று அண்ணாச்சியிடம் போய், எனக்குக் கால்பந்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"வே, நீரு பந்தைத் தொடாண்டாம். பேனாவைத் தொட்டாப் போதும்."

விசிலுக்கு அப்புறம்

முதல் போட்டி பனவடலிசத்திரத்துக்காரர்களோடு. ஆரம்பித்த கால்மணி நேரத்தில் நம் ஆட்கள் மூன்று கோல் போட்டார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன். பார்த்தால் மைதானத்தில் என்னைத் தவிர யாரும் குதிக்கவில்லை. மூன்று கோலும் ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திய பிறகு போட்டவை. எதிர் டீம் ஆட்கள் விசில் கேட்டதும் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள். நம்மவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய், சும்மா நிற்கும் கோலியைத் தாண்டி அடித்துவிட்டு, கட்டிப்பிடித்துக் கொண்டாடுவார்கள்.

காரணம் அப்புறம்தான் விளங்கியது. நாள் முழுக்க நாலு தறிக்கு நடுவில் நிற்கிறவன் காதுக்குள் அந்த இரைச்சல் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் பாதி காதிலும் பாதி உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்வார்கள். நூறு அடி தூரத்து விசில் எந்த மூலைக்கு? கோட்டுக்கு வெளியே நின்று நான் தொண்டை கிழியக் கத்தியதும் ஒருத்தருக்கும் எட்டவில்லை. ஏழாவது தடவை விசில் ஊதிய பிறகு ரெஃப்ரி நேராக என்னிடம் வந்தார்.

"சார், விசிலை நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு ஒரு சிவப்புக் கொடி வாங்கிக் குடுங்க, ரயிலையே நிறுத்துறாங்க, இவுகளையும் நிறுத்திப் பாக்கேன்."

மஞ்சள் சட்டை

அந்த ஆட்டத்தில் தோற்றோம், அதற்காக என்னை முதல்முறை நீக்கினார்கள். பதினைந்தாம் நாள் ஒரு டோர்னமென்டிலிருந்து இங்கிலீஷில் லெட்டர் வந்தது. வாசிக்க ஆளில்லாமல் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சிக்கு அப்போது பிரேசில் மோகம் பிடித்திருந்தது. பிரேசில்காரர்கள் மஞ்சள் சட்டைதான் போடுவார்களாம். நம் டீமுக்கும் அதே நிறம் வேண்டும் என்று சொந்தத் தறியில் துணி ஓட்டி, மஞ்சள் சாயம் முக்கி, தெருமுனை டெய்லரிடம் கொடுத்துத் தைத்துவிட்டார். நிக்கர் தைக்கத் துணி போதவில்லை. அதனால் கீழேயும் மஞ்சள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்வது என்று தீர்மானம். பூட்ஸ் எங்களிடம் என்றைக்கும் கிடையாது. ராயகிரி டீம் நம் ஊருக்கு வந்த நாள், எங்கள் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு. மஞ்சள் துணியும் வெறுங்காலுமாகப் பதினோரு பேர், முன்னால் நான், ஷெட்டிலிருந்து ரத வீதி வழியாக மைதானத்துக்கு நடந்தோம். ஊர் முழுக்க நேர்த்திக்கடனுக்கு மஞ்சள் கட்டி வந்த கூட்டம். எங்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு வந்து காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு வீட்டில் பானகம், அடுத்த வீட்டில் நீர்மோர், அதற்கடுத்த வீட்டில் இலை போட்டுப் புளியோதரை. வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறந்தேன். சாமி காரியமா வாரவுக வேண்டாம்னு சொல்லக்கூடாது என்று எனக்கும் ஒரு கரண்டி வைத்தார்கள்.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆட்களால் குனியக்கூட முடியவில்லை. சென்டர் ஃபார்வர்டு இரண்டு முறை ஓடிவிட்டு, மூன்றாம் முறை கோல் போஸ்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஐந்து கோல் வாங்கினோம். பின்னாலேயே வந்து வேடிக்கை பார்த்த பானகம் ஊற்றிய அம்மா, ஆட்டம் முடிந்ததும் என்னை மடக்கினார்:

"ஏன்யா, ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு வந்து பந்தா வெளையாடுதீய? அதையும் தோத்துக்கிட்டு வேற நிக்கீய!"

நான் இல்லாதபோது

அது இரண்டாம் நீக்கம். அடுத்த மனு எழுத ஆள் இல்லாமல் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். மூன்றாவது நீக்கம் நடந்தது எனக்கே தெரியாது. மச்சினன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் திருநெல்வேலி போயிருந்தேன். திரும்பி வந்து வழக்கம்போல மைதானத்துக்குப் போனேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பத்து நாள் கழித்துத்தான், நான் ஊரில் இல்லாத அந்த வாரம் திங்கட்கிழமை என்னை நீக்கிவிட்டு, பொட்டலுக்கான அனுமதி முடிகிற விஷயம் ஞாபகம் வந்ததால் வியாழக்கிழமை திரும்பச் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. நெஞ்சு பொறுக்காமல் அண்ணாச்சியிடமே போய் நியாயம் கேட்டேன்.

"நீரு ஊர்ல இல்லங்கதாலதாம்வே நீக்குனோம். இருந்திருந்தா உம்ம மூஞ்சியப் பாத்து எவன் சொல்லுவான்?"

கைப்பேச்சு

நாம் கத்துவது கேட்காது என்றால், அவர்கள் பேசுகிற விதத்தை நாம் கற்கவேண்டியதுதானே? தறி இரைச்சலில் வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பதால் ஷெட்டில் எல்லாம் கையும் உதடும்தான். இரண்டு விரலைக் கத்தரித்தால் நூல் அறுந்துவிட்டது. தோளைத் தொட்டால் அந்தப் பக்கத்துத் தறி, வலதோ இடதோ. வயிற்றைத் தடவினால் அண்ணாச்சி வருகிறார். ஆபீஸ் விட்டதும் அண்ணாச்சியின் மனு வேலை என்று சாக்குச் சொல்லி ஷெட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்ப்பதுபோல அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் பாடம் படிப்பதை ஊர் பார்க்க வேண்டாம் என்ற கௌரவம்தான்.

நாலு மாதத்தில் எல்லாம் பிடிபட்டது. பிடிபடாமலே இருந்திருக்கலாம். யார் வயிற்றுவலி என்று சொல்லி மேட்னி போனான், யார் அடுத்த ஷெட்டுக்குத் தாவப் பார்க்கிறான், அண்ணாச்சி கொடுக்கும் தீபாவளி வேட்டியை யார் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எல்லாம் என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. நான் உள்ளே நுழையும்போது எல்லாரும் ஒரு சைகை செய்வார்கள், வெறும் உள்ளங்கையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டுவார்கள். ஊடை நூல் தீர்ந்தது தெரியாமல் தறி சும்மா ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். சத்தம் உண்டு, துணி கிடையாது. அதுதான் என் பெயர்! மறுநாள் ஒன்றும் தெரியாதவன்போல, அது என்னப்பா சைகை என்று கோல்கீப்பர் இசக்கியிடம் கேட்டேன்.

"அது பெரிய மனுசங்க வந்தா காட்டுத மரியாதை சார்."

எலுமிச்சம்பழ நேரம்

அந்த வருஷம் எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு டோர்னமென்டில் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். இடைவேளைவரை கோல் இல்லை. வேப்பமர நிழலில் எல்லாரும் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டிருக்க, நான் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். தூரத்தில் அண்ணாச்சி பக்கத்தில் வெள்ளை பேன்ட் போட்ட ஒருத்தர். திருநெல்வேலிப் பக்கத்து பி.டி. மாஸ்டராம், நிஜமாகவே பந்து விளையாடியவராம்.

என் காலடியில் உட்கார்ந்திருந்தவர்களின் விரல்கள் அசைந்தன. நாளையிலேர்ந்து அந்த மாஸ்டர்தான் மேனேஜர். சரி, இவர்கிட்ட யார் சொல்லுதது? நீ சொல்லு. நான் மாட்டேன், நீதானே கேப்டன். கோமதிநாயகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, 'கண்ணாடியைக் கழத்தித் துடைக்க ஆரம்பிச்சிருவாரு, என்னால பாக்க முடியாது' என்று கையால் சொன்னான். நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். நாளைக்கு என்னை சார் என்று கூப்பிட யார் இருப்பார்கள்? பேச்சு பாதியில் நின்றுவிட்டதைப் பார்த்து கோமதிநாயகம் எழுந்து வந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"பிரமாதமாப் பேசினீய சார். இன்னுங் கொஞ்சம் பேசுங்க."

பெனால்டி

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர் டீமுக்கு பெனால்டி கிடைத்தது. அதை அடிக்க வந்த ஆளை நான் முந்தின ஆட்டத்திலும் கவனித்திருந்தேன். எப்போதும் கோலியின் வலது பக்கம்தான் அடிப்பான். இதைவிட்டால் எனக்கு வாழ்வு கிடையாது. கோட்டோரத்தில் ஓடிப்போய், ஷெட்டில் கற்றபடி வலது தோளைத் தொட்டு இசக்கிக்குச் சைகை காட்டினேன். இசக்கி பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. என் மேனேஜர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் சொன்னது ஒருத்தனுக்குப் புரிந்தது. அந்த அதிர்ச்சியில் அவன் வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பந்து நான் சொன்ன அதே வலது பக்கமாக உள்ளே போயிற்று.

தோற்றோம். டீம் முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டது. கோலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. "எப்ப சார் படிச்சீய?" என்றான் கோமதிநாயகம். நாலு மாசமாச்சு என்றேன். அவன் முகம் வெளுத்தது. ஒவ்வொருத்தனும் நாலு மாதமாக என்னென்ன பேசினோம் என்று யோசிக்கிறது முகத்திலேயே தெரிந்தது. தங்களுக்குள் ஆலோசனை செய்யக் கையைத் தூக்கினார்கள். உடனே நான் பார்ப்பது ஞாபகம் வந்து, பதினோரு பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி பி.டி. மாஸ்டரோடு வந்து சேர்ந்தார். நானே விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கோமதிநாயகம் முந்திக்கொண்டான். "அண்ணாச்சி, சாரே இருக்கட்டும்."

"ஏலே, தோத்துப்போட்டு வந்து நின்னுக்கிட்டு என்னலே பேசுத?" என்றார் அண்ணாச்சி. கோமதிநாயகம் என்னை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் பாதி, மரியாதை பாதி. இந்தத் தடவை நிஜ மரியாதை. "சாருக்கு நாலு மாசமா எல்லாந் தெரியும் அண்ணாச்சி. ஒரு வார்த்தை வெளிய விடல. பந்து தெரிஞ்ச ஆளு எங்கயும் கெடைப்பாரு, இப்படி ஆளு கெடைக்கவே மாட்டாரு" என்றான். அண்ணாச்சிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "என்னத்தலே தெரியும்?" என்று அதட்டினார்.

"எல்லாம் பந்து விசயந்தான் அண்ணாச்சி."

ஆட்டம் தெரியாததற்காக மூன்று முறை வேலை இழந்த நான், தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததற்காக அதன்பின் எட்டு வருஷம் மேனேஜராக இருந்தேன்.