எட்டு ஆம்பியர்

அந்த ஜெனரேட்டர் ஒரு தையல் மிஷின் அளவுதான் இருக்கும். சிவப்பு உடம்பு, மேலே கைப்பிடி, கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கையேடு. 2009-இல் மாமா அதை வாங்கிய அன்றே கடலூரிலிருந்து என்னைச் சிதம்பரத்துக்கு வரவழைத்தார். கையேடு படித்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அதைப் பரப்பியவன் நான்தான்.

மாமா என் அக்காவின் கணவர். அக்காவுக்கு மூச்சிரைப்பு; லாட்ஜ் அறைகளின் பழைய மெத்தையும் ஊதுபத்திப் புகையும் ஆகாது. ஆனால் ஓர் ஆசை இருந்தது. "கடலூர்ல பொறந்து என்ன, கடலு ஒரு பக்கந்தான் இருக்கு. பாம்பன் பாலத்துல நின்னு ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்பாள். அதற்காகவே மாமா ஒரு பழைய வேனில் கட்டில் போட்டு, மின்விசிறியும் அவளுடைய நெபுலைசரும் ஓட இரண்டு பெரிய பேட்டரிகள் வைத்தார். வழியில் அவற்றை நிரப்பத்தான் ஜெனரேட்டர்.

கடைக்காரர் தனியாக ஒரு சார்ஜரும் வாங்கச் சொல்லியிருந்தார். கையேட்டின் நாலாம் பக்கத்தில் படத்தோடு இருந்தது, பேட்டரிக்கென்றே ஒரு சாக்கெட். "இதுலயே குடுத்திருக்கான் மாமா. கடைக்காரன் நம்ம தலையில கட்டப் பாக்குறான்" என்றேன். "படிச்சவன் சொன்னா சரி மச்சான்" என்றார். ஆயிரம் பக்க நாவல்களை அடிக்குறிப்பு விடாமல் படிக்கிறவன், ஐந்தாம் பக்கத்தைப் புரட்டவில்லை.

மாசியில் கிளம்பினார்கள். முதல் ராத்திரி வேதாரண்யத்தில், வீட்டில் நிரப்பிய பேட்டரியே தாங்கிவிட்டது. மறுநாள் தொண்டியில் தென்னந்தோப்போரம் நிறுத்தி, மத்தியானம் முழுக்க, இருந்த பெட்ரோல் தீரும்வரை ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார். விடிவதற்குள் விசிறி நின்றுவிட்டது, நெபுலைசரும் ஓடவில்லை. காலையில் போன் வந்தது. "அவளுக்கு ரொம்ப இழுத்துடுச்சு மச்சான். ஆஸ்பத்திரியில இருக்கோம். ஊருக்குத் திரும்பச் சொல்லிட்டாங்க." பாம்பன் அங்கிருந்து மூன்று மணி நேர ஓட்டம்தான். "பேட்டரி டூப்ளிகேட்டா இருக்கும் மாமா" என்றேன், சற்றும் தயங்காமல்.

அடுத்த வாரம் பார்க்கப் போனபோது, அக்கா தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஐந்தாம் பக்கத்தைப் படித்தேன். அந்த சாக்கெட் தருவது எட்டே ஆம்பியர். அந்த இரண்டு பேட்டரிகள் நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். பெரிய பேட்டரிகளுக்குத் தனி சார்ஜர் மாட்டச் சொல்லியிருந்தது. புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். எழுந்து வந்த அக்கா, "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா" என்றாள். ஐப்பசி மழையில் மறுபடி இழுப்பு வந்து போய்ச் சேர்ந்தாள்.

2011 கடைசியில் அடித்த புயலில் கடலூரே இருண்டு கிடந்தது. விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, அதே வேனில் செம்மண்டலத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் மாமா, இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்பித் தர. ஜெனரேட்டரை இறக்கியவர், பின்னாலிருந்து ஒரு சார்ஜரை எடுத்து மாட்டினார். அந்த சாக்கெட் பக்கம் கையே போகவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "மாமா, அது அன்னிக்கே புக்குல போட்டிருந்துச்சு. நான்தான் படிக்கல."

"தெரியும் மச்சான்" என்றார், வயரை முறுக்கிக்கொண்டே. "தொண்டியிலேர்ந்து திரும்புறப்ப ஒங்க அக்கா அந்தப் பக்கத்த எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டா. 'தம்பிகிட்ட கேட்டுடாதீங்க. படிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான், பாவம்'னா. அதான் கேக்கல."

பிறகு இருவரும் வாசலில் உட்கார்ந்து ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பேட்டரி நிரம்பி, சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தபோது மணி பார்த்தேன். ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது.