தானே ஆடிய கேசட்

அந்த வருடம் கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் முழுவதும் அப்பா ஹாரன் இல்லாத ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போனார். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி பாக்டரி வரைக்கும் "ஓரம், ஓரம்" என்று வாயாலேயே கத்திக்கொண்டு போவார். ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்பது வீட்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல மாமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்த வம்பும் அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு ஒருமுறை கரை இறங்கி, கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டில் தங்குவார். அவர் பெட்டியில் அவருடைய துணிமணிகள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மற்றதெல்லாம் விற்பனைக்கு வந்த சரக்கு. சென்ட் பாட்டில், கைக்கடிகாரம், நைலக்ஸ் சேலை, எதை எடுத்தாலும் அசல் என்பார். அவர் அசல் என்று சத்தியம் செய்து கொடுத்த கடிகாரத்தை நான் குளிக்கும்போது கழற்ற மறந்தேன். அதற்குள் தண்ணீர் புகுந்து, கடைசிவரை வெளியே வரவேயில்லை.

அந்த முறை அவர் கொண்டுவந்தது ஒரு வீடியோ கேம். கைக்குள் அடங்கும், சாம்பல் நிறம், நடுவில் பாசி படிந்த மாதிரி ஒரு சின்னத் திரை. முதுகுப் பக்கம் கேசட்டைச் செருக வேண்டும். கேசட்டின் மேல் வாள் பிடித்த பையன் படம் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. பூந்தமல்லியில் ஒரு பல் டாக்டர் தன் மகனுக்காகச் சொல்லிவைத்திருந்தாராம். இருபத்துநான்காம் தேதி மத்தியானம் அவரே வந்து வாங்கிக்கொள்வார்.

"அதுவரிக்கும் நீ வெச்சு ஆடு பாப்பா. மிஷின் நல்லா ஓடுதானு பாத்த மாதிரியும் இருக்கும்" என்றார் மாமா. எனக்கு அப்போது பத்து வயது. சோதித்துப் பார்க்கும் உத்தியோகத்தை உடனே ஏற்றுக்கொண்டேன்.

ஆட்டம் இதுதான். வாள் பையன் காடு, ஆறு எல்லாம் தாண்டிப் போக வேண்டும். வழியில் கோட்டை வரும், ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு பூதம். கடைசிக் கோட்டையில் ஒரு ராஜகுமாரி. அட்டைப்பெட்டியில் அவள் படமும் இருந்தது, ஆனால் அச்சடித்தவன் கழுத்தோடு வெட்டிவிட்டான். பட்டுப் பாவாடையும் கையும் மட்டும் இருக்க, முகம் இல்லை. டாக்டர் வருவதற்குள் அந்த முகத்தைப் பார்த்தே தீருவது என்று மாதா படத்துக்கு முன்னால் முடிவு செய்தேன்.

அதில்தான் சிக்கல். உயிர் போனால் கோட்டை வாசலிலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் மிஷினை அணைத்தால் எல்லாம் போச்சு, பையன் பழையபடி காட்டு முனையில் வந்து நிற்பான். செல் தீர்ந்தாலும் அதே கதி. சுவர்க் கடிகாரத்தின் செல்லையும் டார்ச்சின் செல்லையும் தின்றுவிட்டு அவன் மூன்றாம் முறையாகக் காட்டு முனையில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் கோயில் கேரல் குழுவில் பருத்திப்பட்டுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா துபாயில். அவனிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது.

"உங்க மாமா கொண்டாந்தது டூப்ளிகேட்டு" என்றான் அவன், ஒரே போடாக. "மெய்யான கேசட்டுல உள்ளாற ஒரு குட்டி பாட்டரி கீது. நீ எங்க வுட்டியோ, மறுநாளு அங்கியே நிக்கும். காப்பி அடிக்கிறவன் அத்த வெக்க மாட்டான், செலவாவும்ல."

மாமாவிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது சின்னப் பசங்களுக்கு செஞ்சது பாப்பா. இது கெட்டிக்காரங்களுக்கு. ஒரே மூச்சுல முடிக்கணும்."

ஆனாலும் என் முகத்தைப் பார்த்து மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வாசலில் நின்ற அப்பாவின் ஸ்கூட்டரையே சற்று நேரம் பார்த்தார். கேமுக்கு நாலு செல், ஸ்கூட்டர் பாட்டரியும் அதே ஆறு வோல்ட். அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் பாட்டரி சமையலறை அலமாரிக்கு வந்துவிட்டது. அதிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து மிஷினின் பக்கவாட்டு ஓட்டையில் செருகினார். கிக்கரை உதைத்தால் வண்டி எப்படியும் ஓடும், ஹாரன்தான் அடிக்காது. திரை ஒளிர்ந்தது. இனி அணைக்கவே வேண்டாம்.

"அடுப்பாண்ட கொண்டாந்து இன்னாடா இது கண்றாவி?" என்று அம்மா தம்பியைத் திட்டினாள். அம்மாவுக்கு அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. முறுக்கு, அதிரசம், கல்கல் என்று டப்பா டப்பாவாகச் செய்து தெருவுக்கே கொடுத்தனுப்ப வேண்டும். "வேல வெட்டி இல்லாதவங்க ஆடற ஆட்டம்" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போனாள்.

எனக்கு அரையாண்டுப் பரீட்சை வேறு. காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கேரல். லாரியில் ஏறி நூம்பல் வரைக்கும் போய்ப் பாடிவிட்டு வருவோம். நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் ஆட்டம். ஒருநாள் முதலை ஆற்றங்கரையில் பையனை நிறுத்திவிட்டுப் பரீட்சைக்குப் போனேன். அந்த ஆற்றை என்னால் தாண்டவே முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பையன் அக்கரையில், அடுத்த கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

மாமாவைச் சந்தேகப்பட்டேன். அவர் காலையிலிருந்து சென்ட் விற்க அம்பத்தூர் போயிருந்தார். "நானில்ல, மாதா மேல சத்தியமா" என்றார். ஆனால் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கேசட்டைக் கையில் எடுக்காமல் எட்ட நின்றே ஆராய்ந்தார்.

"இதான் பாப்பா காப்பியோட விசேசம். ஜப்பான்ல ஒரு பையன் ஆடிக்கினு இருந்த கேசட்டுலேர்ந்து காப்பி எடுத்துகிறாங்க. கேசட்டோட சேத்து அவன் ஆட்டத்தையும் காப்பி அடிச்சுட்டானுங்க. நீ இல்லாதப்போ அவன் ஆடுறான்."

டூப்ளிகேட் என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. எனக்குள்ளே ஒரு ஜப்பான் பையன் வந்து குடியேறிவிட்டான். பூனை மாதிரி சாதுவானவன், வெள்ளைச் சட்டை போட்டவன். மிஷினை அலமாரியில் வைக்கும்போது "வரேன், பாத்துக்கோ" என்று அவனிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவேன். கஷ்டமான இடமெல்லாம் அவன் பொறுப்பு. முள்ளுப் பாலம், உருளும் பாறை, எதுவானாலும் நான் வருவதற்குள் தாண்டியிருப்பான். ஆனால் ஒருநாளும் கோட்டைக்குள் நுழைய மாட்டான். பூதத்தை எனக்கென்று விட்டுவிட்டு வாசலிலேயே நிற்பான். அவ்வளவு நல்லவன். பொத்தான்களில் சில நாள் மாவு ஒட்டியிருக்கும். முறுக்குத் திருடிய என் கைதான் காரணம் என்று துடைத்துவிடுவேன்.

இருபத்துநான்காம் தேதி நான் கடைசிக் கோட்டைக்குள் இருந்தேன். அன்றைக்குத்தானா அந்த எருமை குறுக்கே வர வேண்டும்? பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அப்பா எவ்வளவு கத்தியும் அது நகரவில்லையாம். அரைநாள் வேலை முடிந்து வந்தவர், ஹாரனுக்கு இன்று ஒரு வழி பண்ணுகிறேன் என்று ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். உள்ளே பாட்டரி இருந்த இடத்தில், அதே அளவில், பேப்பர் சுற்றிய ஒரு செங்கல் இருந்தது. அங்கேயும் மாமா டூப்ளிகேட் வைக்கத் தவறவில்லை.

"மச்சான், பாட்டரி எங்க?"

"சார்ஜுல கீது" என்றார் மாமா.

அப்பா சமையலறைக்குள் வந்தார். ஒயரைப் பார்த்தார். பிடுங்கக் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க!" என்று அம்மா போட்ட சத்தத்தில் நானே திடுக்கிட்டேன். "கொழந்த கடைசி கோட்டைல கீது. இப்போ புடுங்கினா அத்தினியும் பூடும்."

அம்மா அப்பாவை அதட்டி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அப்பா நீட்டிய கையால் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. பல் டாக்டர். கடைசிப் பூதம் நெருப்புத் துப்பும். நான் ஓடுவேன், எரிந்துபோவேன், வாசலுக்கு வருவேன், மறுபடி ஓடுவேன். மாமா டாக்டரை நாற்காலியில் உட்கார வைத்து, கேக் கொடுத்து, அதுவும் தீர்ந்ததும் கடைசி ஆயுதமாகத் தன் வாயைத் திறந்துவிட்டார். "டாக்டர், இந்தக் கடவாப் பல்லு ஒரு வருசமா உயிரு போவுது" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. நல்ல மனிதர் டாக்டர். டார்ச் கேட்டார். அதில் செல் இல்லை.

நான் மறுபடி எரிந்துபோனேன். அழுகை முட்டியது. அப்போது அம்மா கல்கல் உருட்டுவதை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஓடாதே. கீழ குந்து. அது துப்பட்டும். துப்பி முடிச்சு ஒரு மூச்சு வாங்கும் பாரு, அப்போ எகிறி அடி."

குந்தினேன். துப்பியது. மூச்சு வாங்கியது. எகிறி அடித்தேன். பூதம் பொடிப்பொடியாக உதிர்ந்து, கதவு திறந்து, ராஜகுமாரி வந்தாள். முகம் இருந்தது. கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு.

"ஐய, மூக்கே இல்லியே!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எனக்கு ஏமாற்றமாகக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஏதோ எழுத்துகள் ஓடி, பையன் பழையபடி காட்டு முனைக்குப் போய்விட்டான். மாமா வந்து ஒயரை உருவி, மிஷினை அட்டைப்பெட்டியில் போட்டு டாக்டரிடம் கொடுத்தார்.

கார் தெருமுனை திரும்பும்வரை கேட்டில் நின்று கையாட்டினேன். தனக்கென்று டாக்டர் நினைத்துக்கொண்டார். நான் ஆட்டியது ஜப்பான் பையனுக்கு. அம்மாவும் கொஞ்ச நேரம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு உள்ளே போனாள்.

மனசு ஆறாமல் பின்னாலேயே போனேன். அம்மா அடுப்பு முன்னால் கல்கல் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். கண் எங்கேயோ இருந்தது. தட்டின் விளிம்பில் அவள் கட்டைவிரல்கள் இரண்டும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன, இடது, இடது, வலது.

"இன்னாம்மா பண்றே?"

"எண்ணெ காயட்டும்னு கீறேன்" என்றாள், சட்டென்று விரல்களை நிறுத்தி.

அம்மாவுக்கும் விளையாட ஆசை வரும் என்று பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்? சரி என்று தலையாட்டிவிட்டு, இனி அந்த ஜப்பான் பையனை எங்கே பார்க்கப் போகிறேன் என்று அம்மாவின் முந்தானையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.