அக்கா குடிக்கலங்க, களை எடுத்தோம்

போன கார்த்திகையில் நடந்தது. கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு சம்பா வயலில் களை எடுக்க எட்டுப் பெண்கள் போயிருந்தோம். இறங்கியதுமே குப்பென்று பூச்சிமருந்து வாடை. வரப்பில் நின்ற வயல்காரரிடம் கேட்டேன். “நேத்து சாயங்காலமே அடிச்சாச்சு. ஒண்ணும் பண்ணாது, குனிங்க” என்றார். எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். மருந்து அடித்தது என்றைக்கு என்று பார்த்து யாரும் களைக்கு ஆள் கூப்பிடுவதில்லை.

தொடை உயரப் பயிர். இலையில் பனியும் மருந்துமாக நின்றதெல்லாம் எங்கள் புடவையில்தான் இறங்கியது. வெயில் ஏறுவதற்குள் எல்லோருக்கும் கண் எரிந்தது. எனக்குப் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் திடீரென்று வாந்தி எடுத்தார். வாயில் எச்சில் ஒழுக, கை கால் வெட்டி இழுக்க, சேற்றிலேயே சாய்ந்துவிட்டார். “வெயில் மயக்கம், மோர் குடுங்க” என்றார் வயல்காரர். மோராவது, மண்ணாவது! ஆட்டோ பிடித்து, காரைக்காலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பைக்கில் பின்னாலேயே வந்த வயல்காரர், டாக்டர் வாயைத் திறப்பதற்குள், “வீட்டுல புருஷனோட சண்டையாம். மருந்த எடுத்துக் குடிச்சிருக்கும்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உயிருக்குப் போராடுகிறவர் மேலேயே பழியைப் போடுகிறாரே!

“அக்கா குடிக்கலங்க, களை எடுத்தோம். நேத்து மருந்தடிச்ச வயல்ல இவருதான் எறக்கிவிட்டாரு” என்று கத்தினேன். என் ஈர முந்தானையை டாக்டர் முன்னால் நீட்டினேன். “மோந்து பாருங்க. நானும் குடிச்சனா?”

டாக்டர் மோந்து பார்த்தார். உடனே அக்காவின் புடவையைக் களைந்து உடம்பு முழுக்க சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். என்னையும்தான். “என்ன மருந்துன்னு டப்பாவக் கொண்டாங்க” என்று வயல்காரரை விரட்டினார். அவர் பைக்கில் போய் எடுத்து வந்தார்.

அக்கா பிழைத்துவிட்டார். இப்போது எந்த வயலுக்குப் போனாலும், என்றைக்கு மருந்து அடித்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவோம். சரியாகச் சொல்லாவிட்டால் எட்டுப் பேரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவோம். முதலில் உட்காருகிறவர் அந்த அக்காதான். திமிர் பிடித்த கூட்டம் என்று அந்த வயல்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். நன்றாகச் சொல்லட்டும்.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், வேலை செய்து விழுந்த அக்காவை, மருந்து குடித்தவள் என்றுதான் ஊர் பேசியிருக்கும். அதை நினைத்தால், கேட்காமல் குனிய எனக்கு இனி வராது.