அண்ணன் அறையில் ஓர் ஒலிவாங்கி

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். கிள்ளான் நகரில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையைத் திறந்து, ஒலிவாங்கியையும் அதன் தாங்கியையும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அது அண்ணனின் அறை. அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எப்போதாவது ஒரு வார இறுதியிலும் பெருநாள்களிலும் மட்டுமே வருவார். அவர் வராத வாரங்களிலும் வெள்ளிதோறும் அம்மா அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றுவார்.

நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தே கேட்கவில்லை.

ஒலிநூல் வெளியிடும் நிறுவனம் ஒன்று, ஒரு நாவலை முழுமையாக வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேடியது. கைப்பேசியில் ஓர் அத்தியாயத்தைப் பதிந்து அனுப்பினேன். குரலும் உச்சரிப்பும் பிடித்திருக்கின்றன, ஆனால் பின்னால் வாகனங்கள் ஓடுகின்றன என்று பதில் வந்தது. திங்கட்கிழமைக்குள் சத்தமில்லாத பதிவு வராவிட்டால் வேறொருவரை அமர்த்திக்கொள்வார்கள். என் அறை சாலையைப் பார்த்தது. துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் விடியற்காலையிலிருந்தே அந்தச் சாலையை ஆண்டன.

எனவே கொமியூட்டர் என்னும் புறநகர் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன்.

"யாருக்குமா, தம்பிக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"ஓ, பாடுவீங்களா?"

"வாசிப்பேன்."

அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து பளபளப்பான ஒன்றை எடுத்தார். "அப்ப இத எடுங்க லா. கண்டென்சர் மைக். ஊசி விழுந்தாக்கூட கேக்கும்."

"எங்க வீட்டுல ஊசி விழாதுண்ணே. லோரிதான் போகும்."

வாய்க்கு அருகில் இருப்பதை வாங்கிக்கொண்டு, தொலைவில் இருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடும் டைனமிக் மைக் ஒன்றைக் கேட்டேன். அது பழைய மாடல் என்றார், பரவாயில்லை என்றேன். அதைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன், தாங்கி, மூச்சுக்காற்றை மறிக்கும் பஞ்சுறை ஆகியவற்றையும் வாங்கினேன். தேர்வு சரியானதுதான். ஆனாலும் என் அறையில் அது போதவில்லை. லோரியின் உறுமல் காற்றில் மட்டும் வரவில்லை. தரையில் இறங்கி, மேசைக் காலில் ஏறி, தாங்கி வழியாகவும் வந்தது. எந்தக் கருவியும் ஓர் அறையின் வேலையைச் செய்யாது.

அந்தச் சனிக்கிழமை காலை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியை ஒரு கையிலும் ஒலிவாங்கியை மறுகையிலும் ஏந்தி வீடெங்கும் நடந்தேன். கூடத்தில் மின்விசிறி முனகியது. சமையலறையில் குளிர்பெட்டி இரைந்தது. குளியலறை என் மூச்சையே எனக்குத் திருப்பித் தந்தது. அண்ணன் அறையில் ஒன்றுமே கேட்கவில்லை. யாரும் வாழாத அறையே வீட்டில் வாழத் தகுந்த அறையாக இருந்தது.

அலமாரியின் இரு கதவுகளையும் திறந்தேன். பள்ளிச் சீருடை முதல் அவர் இப்போது போடாத ஜிப்பா வரை அனைத்தும் தொங்கின. துணி எதிரொலியை விழுங்கும். அவற்றை நோக்கி வாசிக்கும்படி ஒலிவாங்கியை நிறுத்தினேன். தாங்கிக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். பிறகு கட்டிலின் மெத்தையைத் தூக்கி, எனக்குப் பின்னால் சுவரில் சாய்த்தேன்.

அம்மா மெத்தையைத்தான் முதலில் பார்த்தார். காய்கறிப் பைகள் இன்னும் கையில் இருந்தன.

"ஐயோ, என்னாடி இது? சாயங்காலம் அண்ணன் வரான்!"

"தெரியும்மா. என் ரூம்ல பெட்ஷீட் மாத்தி வச்சிருக்கேன். அங்க படுக்கட்டும்."

"அவன் ரூம் இருக்கறப்ப அவன் ஏன் அங்க படுக்கணும்? நாளைக்குக் கல்யாணம் ஆனா நீ போயிருவ. அவன்தான் இந்த வீட்டுக்கு."

"இன்னிக்கு இந்த வீட்டுல இருக்கறது நான்தானேம்மா?"

அம்மா சமையலறைக்குப் போய் மிக்சியைப் போட்டார். அன்று பிற்பகல் முழுதும் பருப்பு அரைபட்டது, பிறகு தேங்காய், பிறகு மிளகாய். ஓய்ந்ததென்று நான் பதிவைத் தொடங்கும்போதெல்லாம் அது மறுபடி சுழன்றது. ஒரு பத்திகூட முடியவில்லை.

இருட்டும் முன் அண்ணன் வந்து, தோளில் பையோடு வாசலில் நின்றார்.

"என்னா பாப்பா, ரேடியோ ஸ்டேஷனா? என் சட்டைக்கெல்லாம் கதை சொல்றியா?"

"உங்க சட்டைங்க நல்லா கேக்குதுண்ணே. குறுக்க பேசாது."

"வாயப் பாரு இவளுக்கு!" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "சரி சரி, சாப்பிட்டுட்டு வரேன், அதுக்குள்ள கழட்டிடு," என்றார்.

"கழட்டமாட்டேன்."

மாட்டேன் என்ற சொல்லை அந்த வீட்டில் நான் அதுவரை உரக்கச் சொன்னதில்லை. சொன்ன பிறகு விளக்கமும் சேர்க்கவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தாங்கியின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன். பயணக் களைப்பில் இருந்த அண்ணன், கடைசியில் பையை என் அறைக்கே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை சமையலறையில் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தார்.

"எப்படித் தூங்குற அந்த ரூம்ல? லோரி போனா கட்டிலே ஆடுது லா."

"பொறந்ததுலேருந்து அப்படித்தாண்ணே ஆடுது."

அம்மாவின் கை மிக்சியின் மீது போனது. "விடும்மா, தலை வலிக்குது," என்று அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். அது எனக்காகச் செய்ததல்ல. அதனால் நன்றி சொல்லாமல், அந்த அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழிட்டு, சட்டைகளுக்கு எதிரே அமர்ந்து, முதல் அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன்.