ஈசன் கேட்டது என் பால்தேத்தண்ணியை அல்ல

என் மகன் பிறந்த முதல் நான்கு மாதமும் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் உறங்கியதில்லை. கன்னம் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருக்கும். முழங்கை மடிப்பில் நீர் கசியும். நகம் படக்கூடாதென்று கைக்குச் சீலையில் உறை தைத்துப் போட்டேன். அந்த உறையாலேயே தேய்த்து இரத்தம் எடுத்தான். தூக்கினாலும் அழுகை, கிடத்தினாலும் அழுகை. நான் செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன். அடியார்களே, உங்கள் முன்னால் சொல்ல வெட்கம்தான். ஆனால் நினைத்தது உண்மை.

போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்களைத் திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்டிய ஊரில் மீளக்குடியேற்றிய முதல் வருடம் அது. தகரக் கொட்டில். வயல் பற்றை மூடிக் கிடந்தது, இவர் கூலி வேலைக்குப் போனார். எங்களிடம் ஒன்றும் இல்லை. புத்தி சொல்ல மட்டும் ஊர் நிறைய ஆட்கள் இருந்தார்கள். தகரச் சூடு என்றாள் ஒருத்தி. நாவூறு என்றாள் இன்னொருத்தி. ஷெல் விழுந்த மண்ணின் நஞ்சு என்றார் ஒருவர், நேரில் சோதித்துப் பார்த்தவர் போல. தங்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க நேரமில்லாதவர்களுக்கு என் பிள்ளையின் தோலைப் பற்றிப் பேச நேரம் இருந்தது.

எல்லாருக்கும் மேலே என் மச்சாள். இவருடைய அக்கா, அடுத்த கொட்டிலில் இருப்பவ. அவவுக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் இல்லை.

"இது கிரந்திச் சொறி. தவம், நீ கண்டதையும் தின்னுறாய், அது முலைப்பாலிலை போகுது."

கத்தரிக்காயை விட்டேன். இறால், நண்டு, கருவாடு எல்லாம் விட்டேன். மன்னார்க் கரையில் இருந்துகொண்டு இவற்றை விட்டால் மிச்சம் என்ன? சோறும் பருப்பும். நான் காய்ந்து போனதைப் பார்த்து, நிவாரணத்தில் கிடைத்த தன் பங்குப் பால்மாவையும் மச்சாளே கொண்டுவந்து தந்தா. "பால் குடிச்சால்தான் பால் ஊறும்." ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை பால்தேத்தண்ணி குடித்தேன். வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். பிள்ளையின் சொறி கூடிக்கொண்டே போனது.

கேதீஸ்வரக் கோயிலுக்குப் போய் நேர்த்திக்கடன் வைத்தேன். மகனுக்குச் சுகம் வந்தால் ஆயுளுக்கும் பாகற்காய் தின்னமாட்டேன் என்றேன். எனக்குப் பாகற்காய் என்றாலே குமட்டும். ஈசனையே பேய்க்காட்டி ஏமாற்றப் பார்த்த என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல!

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை பாலாவித் தீர்த்தத்தில் கால் கழுவி உள்ளே போனேன். பிள்ளையின் சட்டைக் கழுத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. அன்றைக்கு நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. "என்ன செய்யவேணும் எண்டு சொல்லும்" என்று மட்டும் கேட்டு அழுதேன். வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் நின்றேன். கோப்பை கைக்கு வந்தது. வாயில் வைக்க முடியவில்லை. இதை விடு என்று நெஞ்சுக்குள் ஒன்று சொன்னது. வைத்துவிட்டு வந்தேன். வீட்டிலிருந்த பால்மா அவ்வளவையும் மச்சாளிடம் திருப்பிக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கி வைத்தா.

அதை விட்ட இரண்டாம் வாரம் பிள்ளை மூன்று மணித்தியாலம் உறங்கினான். மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மாத முடிவில் கன்னத்தில் புதுத்தோல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈசன் என் பால்தேத்தண்ணியை ஏற்றுக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பக்தியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு.

ஆறாம் மாதம் பிள்ளையார் கோயிலில் மகனுக்கு முதற்சோறு தீத்தினோம். பசுப்பாலில் பொங்கல். பால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்த்தி எனக்குத்தானே, பிள்ளைக்கா? மச்சாள் இரண்டு வாய் தீத்தினா. சற்று நேரத்தில் பிள்ளையின் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான், மூச்சு விசிலடித்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார்சைக்கிளில் ஏறி, பாலத்துக்கு அப்பால் இருக்கும் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பாலம் தாண்டும்வரை அவன் நெஞ்சில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. ஊசி போட்டார்கள். மூச்சு சீரானது.

பின்னாலேயே வந்து சேர்ந்த மச்சாள் வார்டுக்குள் நின்று தீர்ப்புச் சொன்னா. "நேர்த்தியிலை ஏதோ பிழை விட்டிருக்கிறாய்."

அங்கு நின்ற இளம் பெண் டொக்டர் அதைக் கேட்டு, "என்ன நேர்த்தி அக்கா?" என்றா. சொன்னேன். அவ சிரிக்கவில்லை.

"எத்தினை கோப்பை குடிச்சனீங்கள்?"

"நாளுக்கு ஐஞ்சு."

"விட்டாப் பிறகுதான் சொறி மாறினதோ?"

"ஓம்."

"பிள்ளைக்கு மாட்டுப்பால் ஒவ்வாது போல கிடக்கு அக்கா. நீங்கள் குடிக்கேக்கை உங்கட பாலுக்குள்ளாலை கொஞ்சம் போயிருக்கும். எல்லாப் பிள்ளையளின்ர சொறிக்கும் இது காரணமில்லை. நீங்களா ஒண்டொண்டாச் சாப்பாட்டை விட்டுப் பட்டினி கிடவாதேங்கோ. கிளினிக்குக்கு வாங்கோ, பாத்துச் சொல்லுறம்."

"கோயில் பொங்கல் ஒவ்வாதோ? படிச்சதுகளின்ர கதை!" என்றா மச்சாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஈசனுக்குப் பால் ஒத்துக்கொள்ளும் மச்சாள், என்ர பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. இனி ஒரு சொட்டுத் தீத்தினீங்களோ, உங்கட படலைப் பக்கம் நான் வரமாட்டன்!"

ஆனால் அவவைவிடப் பெரிய மடைச்சி நான்தான். என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன், பதிலும் கிடைத்தது. அந்தப் பதிலை நான் அவர் கேட்ட கூலி என்று எடுத்துக்கொண்டேன். மலையும் கடலும் படைத்தவர் என் ஐந்து கோப்பைத் தேத்தண்ணிக்கு ஆசைப்பட்டார் என்று நம்பினேன். அவர் மருந்து சொன்னார், நான் கைலஞ்சம் கொடுத்ததாக நினைத்தேன். அந்த மண்டைக்கனத்தால் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தேன். அன்றைக்கும் கைவிடாமல் பாலம் தாண்ட வைத்தவர் அவரே.

அதன்பிறகு எதையும் விடுகிறேன், தருகிறேன் என்று அவரிடம் பேரம் பேசுவதில்லை. கேட்கிறேன், பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். தாய்மாரே, உங்கள் பிள்ளைக்காக நீங்களும் கேளுங்கள். அவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்வது ஒரு டொக்டரின் வாயால் வந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள்.

மகன் இப்போது இரண்டாம் வகுப்பு. விடிந்தும் எழும்பமாட்டான். பாயைச் சுருட்டினாலும் நிலத்தில் கிடந்து உறங்குவான். பள்ளிக்கூடம் பிந்துகிறது என்று தினமும் கத்தி என் தொண்டை கட்டிப் போகிறது. ஈசனே, அதற்கு நன்றி.